நொடிப்பொழுதின் ஒளி

டென்மார்க்கு நாட்டுக் கதையாசிரியர் ஆன்டர்சன், தீக்குச்சி விற்கும் ஏழைச் சிறுமி ஒருத்தியின் கதையை 1845-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆண்டின் இறுதி நாளிரவில், பனி படிந்த தெருவோரத்தில், குளிர் தாங்காது அவள் குச்சிகளை ஒவ்வொன்றாய்க் கிழிக்கின்றாள். சுடரொளியில் கணப்படுப்பும் விருந்தும் தோன்றி மறைகின்றன. இறந்துபோன பாட்டியின் முகமும் தெரிகின்றது. மறுநாட் காலையில் ஊரார் கண்டவை அவளது உயிரற்ற உடலும் எரிந்த குச்சிகளுமே. அச்சுடர்கள் காட்டியதை அவர்கள் அறியார்.

அந்நாட்டிற் பிறந்த ஜேக்கப் ரீஸ் என்பார் 1870-இல் அமெரிக்கா சென்று, பின்னர் நியூயார்க்கு நகரில் செய்தியாளரானார். ஏழையர் குடியிருப்புகளின் அவலத்தைப் பலகால் எழுதியும் அவர் பயன் கண்டாரல்லர். இருள் மண்டிய அவ்வறைகளைப் படம் பிடிக்கவோ அக்காலக் கருவிக்கு ஒளி போதவில்லை. மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் பேரொளி எழுப்பும் முறை 1887-இல் அவருக்குத் தெரியவந்தது. பளிச்சிட்ட அக்கணத்தில், இரவுக்கு ஐந்து சென்ட் கொடுத்து ஒரே அறையில் நெருங்கிப் படுத்திருந்தோர் படத்திற் பதிந்தனர். உறங்குவோரை இவ்வாறு திடுக்கிட்டெழச் செய்தல் முறையோ எனக் கேட்பாரும் உளர். கேட்கத்தக்க வினாவே அது. ஆயினும், 1890-இல் அவரது நூல் வெளிவந்தபின், மல்பெரி வளைவு என்னும் சேரி இடிக்கப்பட்டு, 1897-இல் அங்கே பூங்கா திறக்கப்பெற்றது. புதிதாய் எழும் குடியிருப்புகளில் ஒவ்வோர் அறைக்கும் சாளரம் வேண்டும் என நியூயார்க்கு மாநிலம் 1901-இல் சட்டம் இயற்றிற்று.