பல்பொருட் சித்திரமும் மாணவன் பயிலும் முறையும்

ஓவியம் என்ற அளவிலே சீலையும் வண்ணமும் தூரிகையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் மரம், துணி, மண், உலோகம், கண்ணாடி முதலிய பலவற்றை ஒரே பரப்பில் இயைத்து அமைக்கும் சித்திரமும் உண்டு. கலைக்கல்லூரியினர் அதனை மிக்ஸட் மீடியா என்று வழங்குவர். நாம் அதனைப் பல்பொருட் சித்திரம் என்போம். ஓவியம் பயிலும் மாணவன் ஒருவன் இத்தகைய சித்திரமொன்றைத் தன் பயிற்சிக்காக எடுத்துக்கொள்வானாயின், தொடக்கமுதல் முடிவுவரை அவன் எவ்வாறு படிப்படியாக முன்னேறுதல் தகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டில் இம்முறைக்கு வழிகாட்டியவருள் ஒருவர் பிக்காசோ ஆவர். அவர் 1912ஆம் ஆண்டில் நாற்காலிப் பிரம்புப் பின்னலின் உருவம் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக அமைத்தார். இதனைப் புதுமை என்று உலகம் வியந்தது. ஆயினும் பல பொருள்களை ஒருங்கிணைக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், பாண்டியன் தேவியின் கட்டிலை நக்கீரர் வருணிக்கும் பகுதியை நோக்குக. நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தம், கோத்த முத்து, பலநிற மயிர், அன்னத்தின் தூவி, கஞ்சியிட்ட துகில் ஆகிய இத்தனையும் அக்கட்டிலிற் கூடுகின்றன. மேலே மெழுகு பூசிய விதானத்தில் திங்களும், அதனைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. அதனை நோக்கிய தேவி பெருமூச்செறிகின்றாள். அவள் தலைவனோ பாசறையில் இருக்கின்றான். இங்கே பொருள்கள் பலவாயினும் அவை உணர்த்துவது பிரிவு ஒன்றனையே. அக்கருத்து இல்லையாயின் அக்கட்டில் செல்வத்தின் குவியலாய் மட்டுமே நின்றிருக்கும். பல்பொருட் சித்திரம் பயில்வார்க்கு இதுவே முதற்பாடம் எனலாம்.

இரண்டாம் பாடத்தைத் தஞ்சாவூர் ஓவியம் கற்பிக்கின்றது. மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி காலத்தில், செழித்த கலை இது. முற்காலத்தில் பலாப்பலகையின்மேல் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்துப் பலமுறை பூசித் தேய்த்து மழமழப்பாக்குவர். பின்னர் உருவம் வரைந்து, கல் பதிக்கவேண்டிய இடத்தில் கல்லைப் பதித்து, எழும்பித் தோன்றவேண்டிய இடங்களைச் சுண்ணக் குழம்பால் உயர்த்திப் பொற்றகடு ஒட்டுவர். அதன்பின்னரே வண்ணம் தீட்டப்பெறும். இவ்வொழுங்கை மாற்றலாகாது. அடியிலுள்ள பூச்சு உலருமுன் அடுத்ததை இடுவானாயின், மேலே பொன்னே பூசினும் நாளடைவில் வெடிப்புக் காணும். ஒவ்வொரு படலமும் தனக்குக் கீழுள்ள படலத்தை நம்பியே நிற்கின்றது.

இவ்விரு பாடங்களையும் மனத்திற் கொண்டு, சேர்வராயன் மலையிலுள்ள வெள்ளக்கடை என்னும் ஊரைச் சார்ந்த மாணவன் ஒருவனைக் கற்பித்துக்கொள்வோம். அவன் தன் வேலைக்கு எப்பொருளைக் கருவாகக் கொள்வான்? தொலைதூரம் சென்று தேடுதல் வேண்டா. அம்மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று வழிவழியாகக் கூறுவர். உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்பது அக்கதை. 'காஞ்சியிலிருந்து மலைக்கு வந்த வழி' என்பதையே அவன் கருவாகக் கொள்க. இதனை ஒரே வாக்கியத்தில் எழுதித் தன் மேசையின்மேல் வைத்துக்கொள்ளுதல் முதற்படி. அவ்வாக்கியத்திற்கு உதவாத பொருள் எத்துணை அழகியதாயினும் சித்திரத்தில் இடம்பெறலாகாது.

இரண்டாம்படி பொருளறிதல். பலாமரம் அம்மலைக்கு உரியது. அதன் பலகை அடித்தளமாகும். அதன் சிராய்களை நீரிற் கொதிக்கவைத்தால் மஞ்சட்சாயம் கிடைக்கும். ஒரே மரம் பலகையும் நிறமும் தருதல் சிந்திக்கத்தக்கது. மலையின் செம்மண்ணைச் சலித்துப் பசையொடு குழைத்தால், மேடாக எழும்பிய பாதை அமைக்கலாம். வெண்மைக்கோ எச்சரிக்கை வேண்டும். அடிவாரத்தில் சேலத்தை அடுத்துள்ள சுண்ணாம்புக்கரடு என்னும் குன்றுகள் வெள்ளையாய்த் தோன்றினும் அங்குள்ளது சுண்ணாம்பு அன்று. மாக்னசைட் என்னும் வேறொரு கனிமமாகும். பெயரையும் நிறத்தையும் கண்டு பொருளைத் துணிதல் கூடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மூன்றாம்படி சோதனை. பெரிய பலகையைத் தொடுமுன், உள்ளங்கையளவான சிறு பலகைகள் பலவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பசையும் ஒரு பூச்சும் இட்டுப் பார்த்தல் வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. மழைக்காலத்தில் மூடுபனி வீட்டினுள்ளும் புகும். ஈரம் ஏற மரம் பெருக்கும். ஈரம் இறங்க அது சுருங்கும். மரத்தின்மேல் நேரே இட்ட சுண்ணப்பூச்சு அவ்வசைவைத் தாங்காது; இடையே துணி இருப்பின் பெரும்பாலும் தாங்கும். பழைய ஓவியர் துணியை இடையிட்டமைக்குக் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ? சிறு பலகைகளின் பின்புறத்தில் நாளும் கலவையின் அளவும் குறித்துவைப்பின், அவையே மாணவனுக்கு நூலாகும்.

நான்காம்படி அமைப்பு. கீழே ஒரு மூலையில், பலாச்சாயம் ஏற்றிய நெசவுத்துணி. இது காஞ்சியின் நினைவு. அங்கிருந்து செம்மண் பாதை வளைந்து மேலேறுகின்றது. பாதை ஏற ஏறத் துணி குறைந்து மறைகின்றது. உச்சியில் பூச்சே இல்லாமல் மரத்தின் இயற்கை வரிகள் காடாகக் காட்சியளிக்கின்றன. பாதையின் இடையே மூன்று சிறு செப்புத்துண்டுகள், அவை மூவர். செம்பு ஈரத்தாற் காலப்போக்கில் நிறம் மாறும். அம்மாற்றமும் இக்கதைக்குப் பொருந்துவதே. மலைக்கு வந்தவர் மலையின் நிறத்தை ஏற்றனர். இங்ஙனம் ஒவ்வொரு பொருளும் தன் இயல்பினாலேயே கருத்தைச் சொல்லும்போது பல்பொருட் சித்திரம் நிறைவு பெறுகின்றது.

இனி, இடர் ஒன்று கூறுவோம். குறித்த நாளில் வேலையை ஒப்புவித்தல் வேண்டும் என்ற கவலை மாணவனை நெருக்கும். கடையில் மினுக்குத்தாளும், உடனே உலரும் பசையும், அச்சிட்ட உருவங்களும் கிடைக்கின்றன. ஒருநாள் மாலையில் ஒட்டி முடித்துவிடலாம், மதிப்பெண்ணும் வரக்கூடும். அப்பொருள்களை நாம் இழிவென்று கூறவில்லை. பொன் வாங்க இயலாத மாணவன் வேறொன்றை நாடுதல் குற்றமாகாது. ஆனால், தான் அறியாத பொருளை அறிந்ததுபோல் கையாளுங்கால், அவன் இழப்பது பெரிது. சித்திரம் முடிந்தபின் அவன் கையில் எஞ்சுவது யாது என்பதே வினா. சிறு பலகைகளிற் சோதித்தவனுக்கு அடுத்த சித்திரத்திற்கான அறிவு எஞ்சும். ஒட்டி முடித்தவனுக்கு ஒன்றும் எஞ்சாது. ஒரு தலைமுறை மாணவர் இவ்வாறே செய்வரேல், பலகைக்கும் பூச்சிற்கும் உள்ள உறவை அறிந்த கைகள் குறைந்துபோகும். நூலில் எழுதியிருப்பினும் கை மறந்த தொழிலை மீட்டல் அரிது.

பொருளை அறிந்தோர் புதுமையும் செய்வர் என்பதற்குச் சென்னையே சான்று. அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் அங்குத் தொடங்கிய கலைப்பள்ளியில், பின்னாளில் தலைவராயிருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். அவரும் அவரைச் சூழ்ந்த கலைஞரும் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினர். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயால் தம் ஓவியத்தையும் சிற்பத்தையும் வளர்த்தனர். அவருள் ஒருவராகிய பி. வி. ஜானகிராம் செப்புத்தகட்டைத் தட்டி உருவாக்கி, கம்பிகளைக் கோடுகள்போற் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். கோயில் மூர்த்திகளுக்குச் சார்த்தும் உலோகக் கவசத்தை நினைவூட்டும் அவ்வுருவங்கள், பழைய தொழிலின் அறிவிலிருந்தே புதுமை பிறத்தலைக் காட்டுகின்றன.

திருமறையிலும் இத்தகைய கலைஞன் ஒருவனைக் காண்கிறோம். யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பேர்சொல்லி அழைக்கப்பெற்ற பெசலெயேல் என்பான், பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும், கல்லிலும் மரத்திலும் வேலை செய்யவல்லவன். அங்கே ஞானமும் புத்தியும் அறிவும் முன்னர்க் கூறப்பட்டு, பொருள்கள் பின்னரே எண்ணப்படுதல் கருதத்தக்கது. 35ஆம் அதிகாரமோ, பிறர்க்குப் போதிக்கும் வரமும் அவன் இருதயத்தில் அருளப்பட்டது என்று கூறுகின்றது. தான் கற்றதைத் தன்னொடு முடித்துக்கொள்ளாதவனே முழுக் கலைஞன் போலும்.

ஆதலின், ஓவியம் பயிலும் நண்பர்காள், கருத்தை ஒன்றாக்குக. பொருளைத் தனித்தனியே அறிக. படலத்தின் ஒழுங்கைப் பிறழாது காக்க. வேலை முடிந்தபின் சிறு பலகைகளை எறிந்துவிடாது, அடுத்த வகுப்பில் வரும் தம்பியர் தங்கையர் கையிற் கொடுப்பீராக. சுவரில் தொங்கும் சித்திரத்தினும் அவர்க்கு அவை மிகுதியாகப் பயன்படும்.