காலியிலிருந்து மொரீஷியஸ் வரை பாய்மரப் பயணம்

சுரக்குடி

அன்புள்ள மகனுக்கு,

இலங்கையின் காலியிலிருந்து மாலத்தீவு வழியாக மொரீஷியஸ் போகும் பாய்மரப் பயணத்தில் முதலில் முடிவாக வேண்டியது மாதம்; படகும் ஆளும் அதற்குப் பிறகு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே டிசம்பர் முதல் மார்ச் வரை வாடை. காரைக்கால் மீனவரைக் கரையில் உட்கார வைக்கும் அதே காற்றுதான் காலியிலிருந்து மேற்கே போகிறவருக்குப் பின்காற்று. மே பாதிக்குமேல் தென்மேற்கிலிருந்து கச்சான் எதிர்த்து நிற்கும். தெற்கே கணக்கு வேறு: மொரீஷியஸ் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், மே பிறந்தபின் தென்கிழக்குக் காற்று நிலைக்கும். எனவே பிப்ரவரி கடைசியில் காலியை விட்டு, வடகோடி உலிகமுவில் மாலத்தீவின் நுழைவு அனுமதி பெற்று, நிதானமாகத் தெற்கே இறங்கி, ஏப்ரல் முடிவில் தென்கோடி அட்டுவில் காத்திருப்பதே சரி.

உலகைச் சுற்றிவந்த இந்தியக் கடற்படைப் பாய்மரப் படகு தாரிணியும் இப்படித்தான் காலம் பார்த்துக் கிளம்பியது. கடற்படை அதிகாரிகளான தில்னாவும் புதுச்சேரிக்காரரான ரூபாவும் அதில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டதால், கொந்தளிப்புக்குப் பேர்போன, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைத் தென்கோளக் கோடையான பிப்ரவரியில் கடந்தார்கள். நான்கு துறைமுகங்களில் நின்று, படகைச் சரிபார்த்து, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள்.

காலி–உலிகமு சுமார் 440 கடல்மைல்; நான்கு நாள். அட்டுவிலிருந்து மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் சுமார் 1,500. மணிக்கு 5 கடல்மைல் ஓடினால் பதின்மூன்று நாளில் முடியும் என்பது காகிதக் கணக்கு. அட்டுவுக்குத் தெற்கே முதல் சில நூறு மைலில் காற்று செத்துக் கிடக்கும். நடுவே திடீர் மழைக்காற்று அடிக்கும். அங்கே டீசல்தான் துணை. பொறுமையிழந்து நேர் தெற்கே பிடித்தால் சாகோஸ் பவளத் திட்டுகளில் போய் நிற்க நேரும். முன்னனுமதி இல்லாமல் அங்கே நங்கூரமிட முடியாது. அதைத் தாண்டினால் இடப்பக்கக் காற்றில் படகு தானாக ஓடும்.

இருவருக்கு நாளுக்கு 8 லிட்டர் வீதம் இருபது நாளுக்கு 160 லிட்டர் தண்ணீர். அதன்மேல் இன்னொரு பாதி. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது. ஒன்று கெட்டால் மற்றது உதவும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியைக் கணக்கில் சேர்க்காமலிருப்பது நல்லது.

கப்பியில் உரசும் இடத்தில் கயிறு பஞ்சாகப் பிரிகிறதா என்று தினமும் காலையில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நுனியில் ஒரு சாண் வெட்டி உரசும் இடத்தை மாற்றினால் அதே கயிறு கரைவரை தாங்கும். இருட்டுமுன் பாயைச் சுருக்குவதால் வேகம் குறையும், தூக்கம் கெடாது; இரண்டே பேர் முறை வைத்துக் காவல் இருக்கும் படகில் தூக்கமே பெரிய சரக்கு. திரும்பி வர விமான டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைப்பதைவிட மோசமான திட்டமிடல் இல்லை. அந்தத் தேதிக்காகவே பலர் ஆகாத வானிலையில் நங்கூரம் தூக்குகிறார்கள்.

மொரீஷியஸைச் சுற்றிப் பவளப்பாறை. இருட்டில் போய்ச் சேர்ந்தால் விடியும்வரை வெளிக்கடலிலேயே நிற்க வேண்டும். போர்ட் லூயிஸில் மஞ்சள் கொடி ஏற்றி, சுங்கமும் குடியேற்றச் சோதனையும் முடியும்வரை யாரும் கரையில் இறங்கக் கூடாது.

ஆசிகளுடன்,
பெரியப்பா