இடுப்பு மூட்டு உராய்வும் தசைப் பலவீனமும்

குந்தியிருந்து எழும்போது தொடையிடுக்கில் ஒரு பிடிப்பு. வரம்பைத் தாண்டக் காலைத் தூக்கினால் வலி. சில மாதங்களில் அந்தக் காலுக்கே பலமில்லை என்ற உணர்வு. இப்படிச் சொல்பவரை வேலைக்கள்ளர் என்று நாம் இலகுவில் தீர்ப்பிட்டு விடுகிறோம். அவருடைய மூட்டில் என்ன நடக்கிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

மூட்டில் நடப்பது

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தினுள் சுழல்கிறது. சிலருக்குத் தலையும் கழுத்தும் சேருமிடம் புடைத்திருக்கும். வேறு சிலருக்குக் கிண்ணத்தின் விளிம்பு கூடுதலாக நீண்டிருக்கும். காலை நன்றாக மடக்கி உட்புறம் திருப்பும்போது இவை ஒன்றோடொன்று இடிபடும். இதுவே நாளடைவில் மூட்டுத் தேய்வுக்கு வழிவகுக்கலாம் என்று சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர வைத்திய நிபுணர் றைன்ஹோல்ட் கான்சும் அவரது குழுவினரும் 2003இல் எடுத்துக்காட்டினர். இந்த எலும்பமைப்பு உள்ள எல்லோருக்கும் வலி வருவதில்லை என்பதையும் மனதிற் கொள்வோம்.

தசைகள் ஏன் தளர்கின்றன?

2011இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வு, இந்நோயால் வலியுற்ற 22 பேரின் தசைப் பலத்தை நலமுள்ள 22 பேரின் பலத்துடன் ஒப்பிட்டது. நோயுற்றவர்களிடம் தொடைகளை உட்புறம் சேர்க்கும் பலம் 28 வீதமும், தொடையை முன்னே தூக்கும் பலம் 26 வீதமும், வெளிப்புறம் திருப்பும் பலம் 18 வீதமும், பக்கவாட்டில் விரிக்கும் பலம் 11 வீதமும் குறைவாக இருந்தன. வலியுள்ள மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் முழுமையாக இயங்குவதில்லை. இயங்காத தசை மெலிந்துவிடும். ஆகவே இப்பலவீனம் சோம்பலன்று, அளந்து காணக்கூடிய குறைபாடு.

நாம் செய்யக்கூடியவை

1. வலிக்கும் காலை வற்புறுத்தி மடக்கி நீட்டக் கூடாது. வலியைத் தாங்கிக்கொண்டு ஆழக் குந்தியிருப்பதைக் குறைப்போம். அமரும்போது இடுப்பு முழங்காலிலும் தாழாதபடி உயரமான ஆசனத்தைப் பயன்படுத்துவோம்.

2. வைத்தியரைக் கண்டு நோயை உறுதிசெய்வோம். எக்ஸ்ரே படம் மட்டும் போதாது. நோயாளி சொல்லும் வலியும் வைத்தியரின் பரிசோதனையும் அதனுடன் பொருந்த வேண்டும்.

3. பிசியோதெரபி சிகிச்சையாளரிடம் பயிற்சி கேட்டுப் பெறுவோம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடையில் தலையணை வைத்து மெதுவாக அழுத்துவது அத்தகைய ஓர் எளிய பயிற்சி. வலி கூடினால் நிறுத்தவும்.

பிரித்தானியாவில் 348 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின் சத்திரசிகிச்சை பெற்றோர் சற்றுக் கூடுதலான பயனடைந்தனர்; ஆயினும் பயிற்சி மட்டும் பெற்றவர்களும் முன்னேறினர். எனவே பயிற்சி வீண்போவதில்லை.

விழுந்தபின் காலூன்ற முடியாமை, காய்ச்சலுடன் இடுப்பு வலி, பிள்ளை நொண்டி நடத்தல் ஆகியவை வேறு நோய்களாக இருக்கலாம். இவற்றுக்குத் தாமதமின்றி வைத்தியசாலை செல்ல வேண்டும்.

கலந்துரையாட

எமது குடும்பத்தில் வலியைச் சொல்லாமல் வேலை செய்பவர் யார்? அவருடைய வேலையில் எதை நாம் பகிர்ந்துகொள்ளலாம்?