வலி மாத்திரை: பயமும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம்!

"ஐயா, அஞ்சு நாளா வெளிக்கே போகலைங்க. ஏதாச்சும் குடுங்க."

அறுபத்தைந்து வயதுப் பெரியவர். மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். சாதாரண மலச்சிக்கல் என்று நினைத்து, இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லி அனுப்பினேன். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை. அது என் தவறு.

மூன்றாம் நாள் வயிறு உப்பி, வாந்தியோடு வந்தார். அப்போதுதான் மகன் வாய் திறந்தார்: "அப்பாவுக்குப் புற்றுநோய்ங்க. முதுகெலும்பு வலிக்கு மார்ஃபின் குடுக்கறோம். இங்க அதைச் சொல்லணும்னு தோணலை." உடனே அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

குடல் ஏன் மந்தமாகிறது?

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மார்ஃபினும் கோடீனும் அதில் உள்ளவை. டிரமடால், ஃபென்டானில் ஆகியவை ஆலையில் தயாராகும் அதே இனத்து மருந்துகள். இவை மூளையில் வலியை அடக்குவதோடு, குடலின் அசைவையும் அடக்கிவிடுகின்றன. அந்தக் காலத்தில் பேதியை நிறுத்த அபினைக் கொடுத்ததும் இந்தக் குணத்தால்தான்.

குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். மலச்சிக்கல் அப்படிக் குறைவதில்லை. ஆகவே மாத்திரை தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். ஆங்கில மருத்துவர்கள் இதற்கு எழுதித் தரும் 'சென்னா' வேறொன்றுமில்லை, நம் திருநெல்வேலி நிலாவாரைதான்! ஆனால் வயிறு உப்பி வாந்தியும் இருந்தால் வீட்டில் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. குடல் அடைப்பாக இருக்கலாம். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு உமியும் கெடுதல். மந்தமான குடலில் அது கெட்டியாகத் தங்கிவிடும்.

உயிருக்கு ஆபத்து எப்போது?

அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகிவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவு உடலில் தங்கிவிடும். டிரமடால் சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ஃபென்டானில் பட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உடலில் இறங்கும்.

எழுப்பினாலும் எழாத தூக்கம், விட்டுவிட்டு வரும் மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, இவற்றைக் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் நலோக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு.

"அடிமையாகிடுவாரோ?"

அந்த மகனும் இதைத்தான் கேட்டார். பயந்துபோய் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தியும் பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு வியர்வை, நடுக்கம், தாங்க முடியாத வலி. உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்காக அலைவது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மார்ஃபின் இருக்கிறது. புற்றுநோயாளி வலியில் துடிக்க வேண்டியதில்லை. நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மூட்டுவலிக்குப் பக்கத்து வீட்டு டிரமடாலை வாங்கிப் போடுகிறீர்களா? அதுதான் விளையாட்டு! 2018 முதல் அது போதைமருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது.

கவனத்தில் வையுங்கள்

* சொன்ன அளவு, சொன்ன நேரம். வலி அடங்காவிட்டால் நீங்களாகக் கூட்டாமல் மருத்துவரைக் கேளுங்கள்.
* தூக்கக் கலக்கம் இருக்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.
* குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.
* கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
* எந்த வைத்தியரிடம் போனாலும், சித்த வைத்தியரானாலும், மாத்திரை அட்டையை எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இப்போதெல்லாம் நாடி பிடிக்கும் முன்பே நான் கேட்டுவிடுகிறேன்: "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"