கியர் எண்ணெயின் உஷ்ணமும் கால்வாய்ப் பணியும்

கிராமப் பணிகளில் யந்திரத்தின் துணை இன்று இன்றியமையாததாகிவிட்டது. முன்னாளில் ஊரார் ஒன்றுகூடி, மண்வெட்டியும் கூடையும் கொண்டு குடிமராமத்தாகச் செய்துவந்த வேலையை, இப்பொழுது ஒரு யந்திரமும் ஓர் ஓட்டுநரும் செய்து முடிக்கின்றனர். மண்வெட்டியின் காம்பு முறிந்தால் வேறொன்று போட்டுக்கொள்ளலாம். யந்திரம் நின்றாலோ பணியே நின்றுவிடும். ஆதலின் அதன் நலம் பேணுவதும் கிராம அபிவிருத்தியின் ஓர் அங்கமே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

தாம்பரத்தைச் சூழ்ந்த பகுதிகளில் இதன் அவசியம் மிகுதி. ஆதனூர்ப் பகுதியில் தொடங்கி, மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியே திருநீர்மலை நோக்கிச் செல்லும் அடையாறு, மழைக்காலத்தில் எத்தகைய வடிவம் கொள்ளும் என்பதை 2015 ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 2 ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்குள் ஏரிகளின் வரத்துக் கால்வாய்களையும் போக்குக் கால்வாய்களையும் தூர்வாரிவிட வேண்டும். இப்பணிக்கு நாம் நாடுவது, மக்கள் பொதுவாக ஜே.சி.பி. என்று வழங்கும் மண் அள்ளும் யந்திரத்தையே.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு போக்குக் கால்வாயில் தூர்வாரும் பணி நடைபெற்றது. யந்திரம் வாடகைக்கு வந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் ஓட்டுநர் கீழே இறங்கி வந்து, எண்ணெய் தீய்ந்த வாடை வீசுகிறது என்றார். எஞ்சியிருந்த தூரம் சிறிதே, மழையோ நெருங்கிவிட்டது. முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று கூறினோம். மாலைக்குள் யந்திரம் முன்னும் நகரவில்லை, பின்னும் நகரவில்லை. கியர்ப் பெட்டியின் கிளச்சுத் தகடுகள் கருகிவிட்டிருந்தன. மாற்று யந்திரம் வருமுன் மழை வந்தது. வாராது விட்ட பகுதியில் நீர் தேங்கி ஒரு தெருவின் வீடுகளுக்குள் புகுந்தது. ஓட்டுநர் எச்சரித்தார், கேளாதவர் நாமே. அவருடைய மூக்கைத் தவிர உஷ்ணத்தை அளக்க அந்த யந்திரத்தில் வேறு கருவி இருக்கவில்லை. மூக்கு உணரும் வேளையில் பாதிச் சேதம் நிகழ்ந்துவிடுகிறது.

உஷ்ணம் எங்ஙனம் உண்டாகிறது?

இவ்வகை யந்திரங்கள் பலவற்றில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே ‘டார்க் கன்வெர்ட்டர்’ எனப்படும் முறுக்குவிசை மாற்றி உள்ளது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905 ஆம் ஆண்டில் கப்பல்களுக்கென வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. ஒரு மின்விசிறியை ஓடவிட்டு, அதன் எதிரே ஓடாத மற்றொரு விசிறியை வைத்தால் காற்றின் வேகத்தால் அதுவும் சுழலும் அன்றோ? இங்கே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் அவ்வேலையைச் செய்கிறது.

இரண்டாம் விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினால் என்னாகும்? முதல் விசிறியின் உழைப்பு வீணாகும். அவ்வாறே, பக்கெட் கெட்டி மண்ணில் முட்டிச் சக்கரம் அசையாதிருக்கும்பொழுது, மாற்றியினுள் செல்லும் ஆற்றல் அனைத்தும் எண்ணெயைச் சூடாக்குகிறது. ஒரு கணக்கைக் காண்போம். எண்ணெய் 15 லிட்டர், அதாவது சுமார் 13 கிலோ. உள்ளே செல்லும் ஆற்றல் 40 கிலோவாட் எனக் கொள்வோம். விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உஷ்ணம் ஏறும். 20 விநாடிகளில் 80 டிகிரி சென்டிகிரேடு 110 ஆகிவிடும்.

80 முதல் 100 டிகிரி வரை பொதுவாக அச்சமில்லை. 120 டிகிரியை எட்டினால் பணியை நிறுத்துதல் வேண்டும். உஷ்ணம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்பொழுதும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பட்டறையினர் கைக்கொள்ளும் பொதுவிதி. எண்ணெய் கெட்டால் ரப்பர் அடைப்புகள் இறுகி வெடிக்கும். கிளச்சுத் தகடுகள் வழுக்கும். வழுக்கலால் உஷ்ணம் மேலும் ஏறும்.

முதலில் செய்யத்தக்கவை

புதுக் கருவி வாங்குமுன் உள்ளதைச் சீர்செய்க. ரேடியேட்டரை ஒட்டியுள்ள எண்ணெய்க் குளிர்விப்பானின் இடுக்குகளில் தூசியும் காய்ந்த ஆகாயத்தாமரையும் புல்லும் அடைத்திருக்கும். அவற்றைக் காற்றோட்டத்திற்கு எதிர்த்திசையிலிருந்து மென்மையாக ஊதிக் கழுவுக. விசிறியின் பெல்ட் தளர்ந்துள்ளதா என்று பார்க்க. எண்ணெயின் அளவைக் கையேடு கூறும் முறைப்படி சோதிக்க. எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் அதனை மாற்றிய பின்னரே மற்றவை.

உஷ்ணமானி

குளிர்விப்பானுக்கு முன்னதாக உஷ்ணமானியைப் பொருத்துவதே முறை. நோயை அளவிடாமல் மருந்து கொடுத்தல் தகாது. இதன் உணர்வியை, மாற்றியிலிருந்து குளிர்விப்பானுக்குச் செல்லும் குழாயில், மூன்றுவழி இணைப்பு ஒன்றின் மூலம் அமைக்கலாம். எண்ணெய் மிகச் சூடாக இருக்கும் இடம் அதுவே. ஒற்றைக் கம்பி உணர்வியாயின் அதன் மின்சுற்று உலோக உடல் வழியே முடிகிறது. ஆகவே மறையில் டேப்பைத் தடிமனாகச் சுற்றலாகாது. மின்கம்பியைச் சாவிக்குப் பின்னுள்ள இணைப்பிலிருந்து, ஃபியூஸ் வழியே எடுத்தல் வேண்டும்.

பொருத்துமுன் ஓர் எளிய சோதனை: உணர்வியின் முனையைக் கொதிநீரில் வைத்து, அதன் உடலைக் கம்பியால் பாட்டரியின் எதிர்முனையோடு இணைத்துப் பார்க்க. நமது கடற்கரைச் சமவெளியில் முள் 100 டிகிரியைக் காட்டுதல் வேண்டும்.

துணைக் குளிர்விப்பான்

சில நாள் அளந்த பின்னும், தூய்மை செய்த யந்திரத்தில் முள் 110 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தால், துணைக் குளிர்விப்பான் தேவை. யந்திரம் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் தயாரிப்பாளரின் இசைவைப் பெறுக. பழைய குளிர்விப்பானை நீக்கலாகாது. அதிலிருந்து கியர்ப் பெட்டிக்குத் திரும்பும் குழாயில் புதியதைத் தொடராக இணைத்தல் வேண்டும். எது திரும்பும் குழாய் என்பதைக் கையேட்டைக் கொண்டு உறுதி செய்க.

குளிர்விப்பானை இரும்புத் தாங்கியில், காற்று தாராளமாகப் புகும் இடத்தில், ரேடியேட்டரோடு உராயாமல் சிறிது இடைவெளி விட்டுப் பொருத்துக. வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருந்தால் காற்று அடைபடாது. சூடான எண்ணெய்க்கும் அதன் அழுத்தத்திற்கும் உரிய ஹோஸ் மட்டுமே ஏற்றது. டீசல் ஹோஸ் உதவாது. புகைக்குழாயின் அருகிலும் கூரிய விளிம்புகளின் மீதும் ஹோஸ் செல்லலாகாது. பின்னர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கசிவைப் பார்த்து, குறைந்த அளவுக்கு எண்ணெய் வார்த்து நிரப்புக.

ஓட்டுநரின் பங்கு

கருவி காட்டுவதைக் கண்டு நடப்பவர் ஓட்டுநரே. பக்கெட் முட்டி நின்றால் சில விநாடிகளுக்கு மேல் முடுக்கலாகாது. பின்வாங்கிச் சிறிதளவு மண்ணாக எடுத்தல் நன்று. முள் ஏறினால் எஞ்சினை உடனே அணைக்காமல், கியரை நடுநிலையில் வைத்து மிதமான வேகத்தில் ஓடவிடல் வேண்டும். அப்பொழுது எண்ணெய் குளிர்விப்பான் வழியே சுற்றி வந்து ஆறும்.

ஊராட்சித் தலைவர்களும் பணி மேற்பார்வையாளர்களும் யந்திரம் களத்திற்கு வந்தவுடன் மூன்றனைக் கேட்டறிதல் நலம்: உஷ்ணமானி வேலை செய்கிறதா, குளிர்விப்பான் தூய்மையாக உள்ளதா, எண்ணெய் எப்பொழுது மாற்றப்பட்டது? ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்று கூறினால் நிறுத்துக. அரை மணி நேரத் தாமதம் வாடகைக் கணக்கில் சிறு தொகை. அதனை மிச்சப்படுத்த முயன்ற நாம், ஒரு தெருவின் மக்களை முழங்கால் நீரில் நிற்க வைத்தோம். அப்பிழை வேறெவ்வூரிலும் நிகழாதிருக்கவே இதனை எழுதலானோம்.