கருவி வந்தது, பயிற்சி எங்கே?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் மூடில் என்னும் இணையவழிக் கற்பித்தல் மென்பொருளை நிறுவியும் மூத்த பேராசிரியர்கள் அதைத் தொடுவதில்லையே, ஏன்?

பதில்: 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டித் தோன்றி, இன்று மாளவியர் பெயரால் விளங்கும் ஆசிரியர் பயிற்சி மையங்கள் நம் நாட்டில் இருக்கவே செய்கின்றன, ஆயினும் பதவி உயர்வுக்குரிய சான்றிதழை உத்தேசித்து அங்கே போய்வருகிறவர் பலர், தம் பாடத்தை மறுநாள் வகுப்பில் எவ்வாறு மாற்றி நடத்துவது என்ற பிரத்தியட்ச ஞானம் பெறாமலே திரும்பிவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். 30 ஆண்டுகள் கரும்பலகையில் சூத்திரங்களை அநாயாசமாக எழுதி விளக்கிய ஒருவருக்கு, ஒரே பிற்பகலில் திரையைக் காட்டிவிட்டு விடைபெற்றுக்கொள்வது பயிற்சியாகாது. ஒரு பருவம் முழுதும் அவர் பக்கத்திலிருந்து, அவருடைய வினாத்தாளையே எடுத்து மூடிலில் ஏற்றி, தவறான ஒவ்வொரு விடைக்கும் மாணவன் உடனே காணத்தக்க விளக்கத்தை அவரே எழுதும்படி உதவும் துணைவர் ஒருவர் வேண்டும். அதற்காக அவருடைய வகுப்பு நேரத்தைக் குறைத்துக் கொடுக்க முன்வருமா என்று நிர்வாகத்தை முதலில் கேளுங்கள்.