ஒரே பெரலில் இரண்டும் கிடைக்காது

அன்புள்ள தம்பிக்கு,

கட்டுகஸ்தோட்டையிலிருந்து நீங்கள் அனுப்பிய வரைபடம் கிடைத்தது. குசினிக் கழிவை ஒரு பெரலுக்குள் போட்டால் ஒரு பக்கம் சமைக்க கேஸ், மறுபக்கம் குளிக்கச் சுடுதண்ணீர். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை செய்யாது.

கழிவு காற்றுப்பட மக்கினால் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சக்தியைச் சூடாகவே வெளியே விட்டுவிடும். நன்றாகக் கட்டிய கூட்டெருக் குவியலின் நடுவில் 60 பாகை வரை ஏறுவது அதனால்தான். காற்றுப் புகாமல் மூடிவைத்தால் அந்தச் சக்தியில் பெரும்பங்கு மீதேனுக்குள் போய்விடும், அடுப்பில் எரியும்போதுதான் திரும்ப வரும். மூடிய தாங்கி தானாகச் சூடேறும் என்று காத்திருப்பது வீண். ஒரே கிலோ கழிவிடம் இரண்டு தரம் கூலி கேட்கிறீர்கள்.

ஜான் பேன் இரண்டையும் எடுத்தாரே என்று கேட்பீர்கள். 1970களில் தென் பிரான்சில் அவர் செய்தது உண்மைதான். புதர்க்காட்டில் வெட்டிய சுள்ளிகளை அரைத்துச் சுமார் 50 டன் குவியல் போட்டார். அதற்குள் குழாயைச் சுற்றி 60 பாகையில் தண்ணீர் எடுத்தார். கேஸ் வந்ததோ குவியலின் நடுவே புதைத்த ஒரு மூடிய தாங்கியிலிருந்து. வெளியே மூச்சுவிடும் குவியல், உள்ளே மூச்சுவிடாத தாங்கி: இரண்டும் தனித்தனி. கண்டியில் 50 டன் சுள்ளிக்கு யாரிடம் இடம் இருக்கிறது? ஆனாலும் அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தாங்கியைச் சுற்றிக் காய்ந்த இலை, கிளிரிசிடியாத் தழை, கொஞ்சம் சாணம் சேர்த்து ஒரு கன மீற்றருக்குக் குறையாமல் குவியல் போடுங்கள். அதற்குச் சிறியதானால் சூடு தங்காது.

இந்தச் சூடு நமக்கு ஏன் தேவை என்றால், மீதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 பாகையளவில்தான் சுறுசுறுப்பு. கண்டியின் சராசரி 24, 25 பாகை. நுவரெலியாவில் 16. யாழ்ப்பாணத்தில் நல்ல கேஸ் கொடுத்த தாங்கியை அப்படியே தூக்கிவந்து கண்டிப் பக்கத்து அம்பிட்டியவில் வைத்துவிட்டு, மார்கழியில் சுடர் சுருங்குகிறதே என்று முழிப்பவர்கள் உண்டு. இங்கே கழிவு உள்ளே இருக்க வேண்டிய நாளைக் கூட்டியே கணக்குப் போட வேண்டும். நாளுக்கு 2 கிலோ கழிவும் 4 லீற்றர் தண்ணீரும் என்றால், 50 நாளுக்கு 300 லீற்றர். கேஸ் நிற்கவும் இடம் வேண்டும். ஆகவே 500 லீற்றருக்குக் குறைந்த தாங்கியைத் தொடாதீர்கள். வெயில் படும் இடத்தில் வையுங்கள், வெளியே கறுப்பு நிறம் பூசுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. தாங்கி கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் விலை சொல்வதற்கு முன்னால் விளைச்சலைச் சொல்லுங்கள்.

நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 2 கிலோ குசினிக் கழிவு சேர்ந்தால் பெரிது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அதிலிருந்து 200 லீற்றர் கேஸ் வரும். சிறிய அடுப்பில் அரை மணித்தியாலம், மிஞ்சினால் 40 நிமிடம். இந்தக் கேஸ் ஒரு கன மீற்றர் கிட்டத்தட்ட 0.45 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். மாதத்துக்கு 6 கன மீற்றர் என்றால் 2.7 கிலோ. அதாவது 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சம் பிடிக்க ஐந்து மாதம் ஆகும். காலைத் தேத்தண்ணிக்கும் ஒரு பருப்புக்கும் போதும், அவ்வளவுதான். வீட்டில் மாடு இருந்தால் கதை வேறு: 10 கிலோ சாணம் 350, 400 லீற்றர் தரும்.

2022 ஏப்ரலில் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறி, வரிசையில் நாள் கணக்காக நின்ற காலத்தில் இந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை. பெரலும் பைப்பும் காட்டியவர்களையெல்லாம் நம்பினார்கள். அதற்கு முன்னரும் நடந்ததுதான். 1970களிலேயே இந்த நாட்டுக்கு வந்த தொழில்நுட்பம் இது. 1990களின் நடுவில் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு (ஐ.டி.டி.ஜி.) போய்ப் பார்த்தபோது, கட்டிய தாங்கிகளில் மூன்றில் ஒன்றளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. புனேயில் ஆனந்த் கார்வேயின் ஆர்தி நிறுவனம், ஒன்றுக்குள் ஒன்றைக் கவிழ்த்த இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளால் நல்லதொரு வீட்டு மாதிரியைச் செய்து 2006இல் ஆஷ்டன் விருது வாங்கியது. உங்கள் படமும் அதன் வழிவந்ததே. ஆனால் அவர்கள் சொன்ன விளைச்சல் மாச்சத்து நிறைந்த தீனிக்கு உரியது. முக்கால் பங்குக்கு மேல் தண்ணீராக இருக்கும் பூசணித் தோலுக்கு அதே இலக்கத்தைச் சொன்னால் அது பொய்.

தீனி விஷயத்தில் வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள், ஐயாவோடு அல்ல. முதலில் பச்சைச் சாணத்தைக் கரைத்து நிரப்பி மூன்று நாலு கிழமை சும்மா விட வேண்டும். முதலில் வரும் கேஸில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. அது எரியாது, காற்றும் கலந்திருக்கும். வெளியில் திறந்து விட்டுவிடுங்கள். தாங்கி வாயில் தீக்குச்சி கிழித்துச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு, காய்த்தோல், பழம், கஞ்சித் தண்ணீர். எலும்பு, முட்டைக்கோது, பொச்சு, தோடம்பழத் தோல் வேண்டாம். நம் குசினியில் பெரிய தொல்லை தேங்காய்ச் சக்கை. நாரும் எண்ணெயுமாக மேலே மிதந்து ஆடை கட்டிவிடும். அதைக் கோழிக்கோ கூட்டெருவுக்கோ கொடுக்கச் சொல்லுங்கள்.

கலியாண வீடு, பெரஹரா நாட்களில் வரும் விருந்தாளிகள் என்று ஒரே நாளில் பத்துக் கிலோ மிச்சத்தைக் கொட்டுவார்கள். உள்ளே புளித்துப்போகும், புளிப்பு மணம் வரும், சுடர் ஏறாது. அப்போது தீனியை நிறுத்துங்கள். ஒரு வாளி சாணக் கரைசல் ஊற்றிச் சில நாள் பொறுங்கள். பதறிப்போய்க் கழுவி ஊற்றினால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் தேங்கும். ஆகவே சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் ஒரு நீர்ப்பொறி வையுங்கள். அழுகின முட்டை மணத்துக்கு இரும்புக் கம்பளி போதும். சிலிண்டர் அடுப்பின் துளையைப் பெருப்பிக்காமல் இந்தக் கேஸ் ஒழுங்காக எரியாது.

தாங்கியிலிருந்து வெளியே வரும் கரைசலைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கென்றால் கேஸைவிட அதுதான் பெறுமதி. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது மரக்கறித் தோட்டக்காரர் சாணத்துக்கு அலைந்ததை மறக்க முடியுமா? தண்ணீர் கலந்து லீக்ஸுக்கும் கறிமிளகாய்க்கும் விடலாம். நம் ஊரெல்லாம் சரிவு. வெளிவாயைக் கானுக்குள் திருப்பிவிட்டால் அது மகாவலிக்குத்தான் போகும். கொஹாகொடக் குப்பை மேட்டிலிருந்து வடிவது போதாதா?

நுவரெலியாவிலிருந்து ஒருவர் தாங்கி கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். முற்பணம் வாங்குவதற்கு முன், மாடு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் நல்ல கூட்டெருக் குழி ஒன்றை அமைத்துக் கொடுத்து, அதற்குரிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்